தெரியாத எண்ணுக்கும் ஒலிக்கும் போன்

என் பழைய போன் செத்துப்போய்ப் புதிது தேட ஆரம்பித்த நாட்களில், மகளின் கல்லூரிப் படிவம் ஒன்று எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்தது. தொலைந்த அடையாள அட்டைக்குப் பதிலாகப் புதியது கேட்கும் படிவம். பெயர், பாடப்பிரிவு, ரத்த வகை, முகவரி எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தொலைந்த அட்டையில் அந்த இடத்தில் என் எண் இருந்தது.

"இதுல ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"நீ மொதல்ல போன் வாங்கு. அப்புறம் எழுதறேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கழுத்தில் மாட்டிய துணியில் இடது கையைத் தாங்கியபடி, வலது கையால் தயிர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் கணவர் தன் எண்ணை எழுதலாமே என்றார். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். வேலைக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார். எட்டு மணி நேரம் அது அங்கேயே கிடக்கும். அதை அவரே சொல்லிவிட்டு, "எதிர் குவார்ட்டர்ஸ்ல லேண்ட்லைன் இருக்கு, அதை வேணா எழுது" என்றார். கட்டம் காலியாகவே இருந்தது.

நான் சுரங்கத்து டவுன்ஷிப் மருத்துவமனையில் செவிலியர். காலை, மாலை, இரவு என்று மூன்று டியூட்டி மாறி மாறி வரும். போனின் மென்பொருளை மாற்றிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் முதலில் வாங்கிய ஸ்மார்ட்போனில், கம்பெனியே போட்டு அனுப்பிய ஆப்கள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அழிக்க முடியவில்லை. மகளின் பள்ளி விழாவில் படம் எடுக்கப் போனால் இடமில்லை என்று போன் சொன்னது. அந்த எரிச்சலில் இணையத்தில் தேடியபோதுதான், கம்பெனியின் மென்பொருளை முழுதாக எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்தது. அதற்கு ரோம் என்று பெயர். முன்பின் தெரியாத ஆட்கள் ஏதேதோ நாடுகளில் உட்கார்ந்து அதைச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். அதைப் போடுவதற்கு முன்னால் போனில் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். பூட்லோடர் என்பார்கள். சில கம்பெனிகள் அதைத் திறக்க விடும், சில கம்பெனிகள் விடாது.

எனக்கு அது கை வந்தது. ஊசி போடும் முன் எந்த நோயாளி, எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில், எந்த நேரம் என்று சொல்லிப் பார்க்காமல் சிரிஞ்சைத் தொடமாட்டோம். போனுக்கும் அதையே செய்தேன். எந்த மாடல், எந்தக் கோப்பு, பேட்டரி எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். ஓய்வறையில் ஒயர் மாட்டிய போனைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தால் வார்டு உதவியாளர் அம்மா, "சிஸ்டர் போனுக்கு டிரிப்ஸ் ஏத்திகினு இருக்காங்க, யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க" என்பார். ஐந்து வருடங்களில் நான்கு போன்களை மாற்றி அமைத்தேன். ஒன்றுகூட என் கையில் கெட்டதில்லை.

நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டது ஒரு அமைப்பைப் பற்றி. இரவு டியூட்டி முடித்து வந்தால் பகலில்தான் தூங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று அழைப்பார்கள். ஒருமுறை அழைத்து விட்டுவிடுகிறவர்கள் இல்லை, திரும்பத் திரும்ப அழைப்பார்கள். அதனால் மாதத் தொடக்கத்தில் டியூட்டி ரோஸ்டர் ஒட்டியவுடன் அதைப் போனுக்குள் ஏற்றிவிடுவேன். இரவு டியூட்டி முடிந்த நாளில் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை போன் ஒலிக்காது. அதிராது. திரையில் வெளிச்சம்கூட வராது. தூங்கும் அறையில் சின்ன வெளிச்சமும் என்னை எழுப்பிவிடும் என்பதால் அதையும் எடுத்திருந்தேன். ஐந்து எண்களுக்கு மட்டும் விலக்கு: மகள், கணவர், என் வார்டு, என் அண்ணன், மகளின் கல்லூரி அலுவலகம். அந்தப் பட்டியலை நான் யோசித்துத்தான் போட்டேன். நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை. மகள் பஸ் ஏறியதிலிருந்து திரும்பி வரும்வரை கடிகாரம் பார்க்கிறவள்.

மகளின் அட்டை தொலைந்த வாரம், செவ்வாய் இரவு எனக்கு டியூட்டி. வார்டில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வரும் இளைய சிஸ்டர் ஒருத்தி திங்கட்கிழமை என்னிடம் வந்து, "அக்கா, நாளைக்கு நைட் நான் பாத்துடறேன். வியாழக்கிழமை ஈவினிங் எனக்குப் பதிலா நீங்க பாப்பீங்களா? வூட்ல பொண்ணு பாக்க வர்றாங்க" என்றாள்.

"யார பாக்க?"

"என்னத்தான் அக்கா. வேற யார பாப்பாங்க" என்று சிரித்தாள்.

இப்படி டியூட்டியை மாற்றிக்கொள்வதை நாங்கள் மியூச்சுவல் என்போம். ஊரில் சுரங்கம், மின்நிலையம், மருத்துவமனை எல்லா இடத்திலும் இது நடப்பதுதான். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, மேலதிகாரியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினோம். கணவரிடம் சொன்னேன். மகளிடம் சொன்னேன். பால்காரரிடம்கூடக் காலையில் கதவைத் தட்டலாம் என்று சொன்னேன். போனிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை மகள் வழக்கம்போலக் கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் இறக்கைகளைத் துடைத்தேன். எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் கரித்தூள் பட்டையாகப் படியும். மூன்று ஃபேன், ஆறு ஜன்னல். பிறகு கீரை ஆய்ந்தேன். போன் சாப்பாட்டு மேஜையில், நான் கீரை ஆய்ந்த தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைக்கு ஒரு விளம்பர அழைப்பும் வரவில்லையே, நல்ல நாள்தான் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

சரியாக இரண்டு மணிக்கு போன் தானாக ஒலித்தது. மௌனம் முடிந்தது என்பதற்கு நான் வைத்திருந்த சின்ன மணியோசை. ஏன் இப்போது அடிக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண் ஒன்றிலிருந்து பதினொரு அழைப்புகள். வேறொரு எண்ணிலிருந்து மூன்று. முதல் அழைப்பு எட்டே முக்காலுக்கு வந்திருந்தது.

திருப்பி அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். "பொண்ணோட அம்மாங்களா? எத்தினி வாட்டி அடிச்சிகினே இருந்துச்சு தெரியுங்களா உங்க பொண்ணு. நீங்க வூட்ல இல்லீங்களா?"

"வீட்லதான் இருந்தேன்" என்றேன்.

அவர் பக்கத்தில் யாரிடமோ அம்மா கிடைத்துவிட்டார் என்று சொன்னார். பிறகு, "செரி வாங்க. பஸ் பள்ளத்துல சாஞ்சிடிச்சிங்க. பொண்ணு நல்லாத்தான் இருக்குது. தோள்ல அடி. நான் கூடத்தான் உக்காந்துகினு இருக்கேன்" என்று இடத்தைச் சொன்னார்.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டி, எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கிய பஸ் சாலையோரப் பள்ளத்தில் சரிந்திருந்தது. யாரும் சாகவில்லை. மகளுக்கு இடது காறை எலும்பில் முறிவு, புருவத்துக்கு மேல் நான்கு தையல். அவள் பையும் போனும் அடையாள அட்டையும் பஸ்ஸுக்குள்ளேயே எங்கோ போய்விட்டன. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் ஷேர் ஆட்டோவில் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தன் போனைக் கையில் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனை போனிலிருந்தும் மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. அது என்னுடையது. அந்தப் பெண்ணின் எண் என் ஐந்து எண்களில் இல்லை. இருக்கவும் முடியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது மகள் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் தோளில் போட்ட கட்டைப் பார்த்தேன். எட்டு வடிவத்தில் சரியாகப் போட்டிருந்தார்கள். விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தேன், ரத்த ஓட்டம் இருந்தது. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

"தூங்கிட்டியாம்மா?"

"இல்ல."

"போன்ல சார்ஜ் இல்லியா?"

"இருந்துச்சு." மியூச்சுவல் விஷயத்தையும், போன் என்னைத் தூங்குவதாக நினைத்துக்கொண்டதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது.

"அப்ப பக்கத்துலேயேதான் இருந்திருக்க" என்றாள். அதற்கு மேல் இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. களை எடுக்கும் அந்தப் பெண் அன்றைய கூலியை விட்டுவிட்டு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூட இருந்திருக்கிறார். நான் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றார். பிறகு காபி மட்டும் குடித்தார்.

வாரக் கடைசியில், போனில் நான் செய்திருந்த எல்லா மாற்றங்களையும் எடுத்துவிட்டு, கடையிலிருந்து வந்தது போலவே ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கம்பெனியின் பழைய மென்பொருளை இறக்கி, கணினியுடன் ஒயரில் இணைத்து, மாடலையும் கோப்பையும் பேட்டரியையும் சொல்லிப் பார்த்துவிட்டு ஏற்ற ஆரம்பித்தேன். பாதி ஏறிக்கொண்டிருந்தபோது கணினி அணைந்தது. ஃபேன் நின்றது.

மின்நிலையம் ஊரிலேயே இருப்பதால் எங்கள் டவுன்ஷிப்பில் கரண்ட் போவதில்லை. அந்த வருடங்களில் வடலூரிலும் கடலூரிலும் மணிக்கணக்கில் போகும்போதும் எங்களுக்குப் போகாது. அதனால் வெளியூர்க்காரர்கள் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பேட்டரிப் பெட்டி எங்கள் யார் வீட்டிலும் இருக்காது. நானும் நேராகச் சுவரில் செருகியிருந்தேன். ஹாலுக்குப் போய்ப் பார்த்தால் கணவர் ஸ்டூலில் நின்று டியூப்லைட்டின் சோக்கை மாற்றிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்திருந்தார்.

"மெயின ஆஃப் பண்றேன்னு சொல்லிட்டுத்தானே பண்ணேன்" என்றார்.

"எனக்குக் கேக்கல."

சோபாவில் படுத்திருந்த மகள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல்முறை. "அப்பா நம்பர் லிஸ்ட்ல இருந்துமா கேக்கல?" என்றாள். சிரித்ததில் தோள்பட்டை வலித்து, முகம் சுளித்து, மறுபடியும் சிரித்தாள்.

பாதி எழுதிய நிலையில் நின்ற போன் பிறகு எழவேயில்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். கறுப்புத் திரை மட்டும்தான். அது போனதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்தால், இல்லை என்றுதான் தோன்றுகிறது.

கணவரின் பழைய பொத்தான் போனில் என் சிம்மைப் போட்டுக்கொண்டேன். அது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒலித்தது. "இதுவே போதுமே. அடிச்சா கேக்குது, பேசினா கேக்குது. உனக்கு வேற என்ன வேணும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் வார்டில் எங்களுக்கான தகவல்கள் எல்லாம் அப்போதே வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியிருந்தன. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு நடந்த பிறகும் எனக்குப் போனைத் திறந்து பார்க்கும் ஆசை போகவில்லை. மகள் வலி மாத்திரை போட்டுத் தூங்கும் மதியங்களில், கணினியில், ரோம் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்தைத் திறந்து எந்தப் போனுக்கு எத்தனை ரோம் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலடி ஓசை கேட்டால் மூடிவிடுவேன்.

கடைசியில் இரண்டு போன்களில் வந்து நின்றேன். ஒன்று இணையத்தில் மட்டும், குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட மணிக்கு விற்பார்கள். அதன் பூட்டைத் திறக்கலாம். ஆனால் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கான ரோம்களை ஏராளமானவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். மன்றத்தில் அதைப் பற்றிய பக்கங்கள் தினமும் வளர்ந்தன. இன்னொன்று பெரிய கம்பெனியின் போன். மெயின் பஜாரில் கிடைக்கும். சர்வீஸ் கடலூரில் உண்டு. அதன் பூட்டை யாராலும் திறக்க முடியாது, எப்போதும் திறக்க முடியாது என்று மன்றத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். பழைய நாட்களாக இருந்தால் அந்த வரியைப் படித்ததும் அடுத்த போனுக்குப் போயிருப்பேன். இப்போது அந்த வரிக்காகவே அதை வாங்க நினைத்தேன். நான் கை வைக்க முடியாத போன் வீட்டில் இருப்பதுதான் மகளுக்கு நல்லது என்று தோன்றியது. கட்டத்தில் அவள் என் எண்ணை எழுதிவிடுவாள் என்றும் தோன்றியது.

மகளுக்கும் போன் வாங்க வேண்டியிருந்ததால் இருவரும் பஜாருக்குப் போனோம். கடைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். கேமராவைப் பற்றி நிறையச் சொன்னார்.

"ரிங் சத்தம் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"சூப்பரா வரும் மேடம்."

"அடிச்சிக் காட்டுங்க."

அவர் தன் போனிலிருந்து அழைத்தார். ஒலித்தது. அதை என் கைப்பைக்குள் போட்டு மூடி, கடையின் மேஜை ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடியும் அழைக்கச் சொன்னேன். அப்போதும் கேட்டது. கடைக்காரர் மகளைப் பார்த்து, "அம்மா போன் வாங்கறாங்களா, சைரன் வாங்கறாங்களா?" என்றார். மகள் பையிலிருந்து போனை எடுத்து, நல்ல கையில் பிடித்து, பக்கவாட்டில் இருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒலி குறைந்து குறைந்து நின்றுவிட்டது.

"இப்ப அடிங்கண்ணே" என்றாள்.

அவர் அழைத்தார். போன் அவள் உள்ளங்கையில் சும்மா கிடந்தது.

"பையில எதுவாச்சும் இடிச்சாலே இது கொறஞ்சிடும்மா" என்றாள் என்னிடம்.

"இந்தச் சத்தம் கொறையறத எடுத்துட முடியுமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"எதுக்கு மேடம் எடுக்கணும்? எல்லாரும் சைலன்ட்ல போடத்தான் கேப்பாங்க. போடவே கூடாதுன்னு நீங்கதான் கேக்கறீங்க."

"முடியுமா, முடியாதா?"

"கம்பெனி வெச்சது வெச்சதுதான் மேடம்."

மகளுக்கு மட்டும் ஒரு போன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஸ்கூட்டரில் ஏறும் முன் அவள், "பழைய போன்ல உன்னால இத எடுத்திருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். தொறந்த போனா இருந்தா பொத்தானையே வேற வேலைக்கு மாத்தலாம்."

"அப்ப தொறக்கற போனே வாங்கு."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். ஆனா நீயா எதுவும் பண்ணாத. நான் சொல்றத மட்டும் பண்ணு."

இரண்டு வாரம் விற்பனை நாளில் தவறவிட்டு, மூன்றாவது வாரம்தான் அந்தப் போன் எனக்குக் கிடைத்தது. கூரியர்காரர் டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டிலிருந்து அழைத்தார், பொத்தான் போன் அலறியது. பூட்டைத் திறக்க விண்ணப்பம் போட்டேன். அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் மகளின் கட்டை அவிழ்த்தார்கள். அவள் மறுபடியும் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். அதே சாலை, அதே நேரத்து பஸ். புது அட்டை இல்லாததால் தினமும் கல்லூரி வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். "எதிர்வீட்டு நம்பரையாவது எழுதிக் குடுத்துட்டு அட்டைய வாங்கிக்க" என்று நானே சொன்னேன். "உன் போன் ரெடியாகட்டும்" என்றாள். யாருடைய எண்ணும் இல்லாமல் அவள் அந்தச் சாலையில் போய்வந்த நாட்களில், பஸ் குறிஞ்சிப்பாடியைத் தாண்டும் நேரத்தில் நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். வார்டில் இருந்தால் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிடுவேன். கவனம் வேறிடத்தில் இருக்கும்போது மருந்து அளக்கக் கூடாது.

அனுமதி வந்த ஞாயிற்றுக்கிழமை, கணவர் மெயின் சுவிட்சில் பேப்பர் ஒட்டி, அதில் தொடாதே என்று தன் கையால் எழுதினார். மகள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பூட்டைத் திறந்தேன். ரோமை ஏற்றினேன். பிறகு அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்தேன். நேரம் பார்த்து மௌனமாகும் வசதி. சைலன்ட். ஒலியைக் குறைக்கும் பொத்தான், அழைப்பைப் பொறுத்தவரை. விலக்குப் பட்டியல் என்ற பக்கத்தையே மெனுவிலிருந்து நீக்கினேன்.

"தெரிஞ்ச நம்பர், தெரியாத நம்பர், ரெண்டுக்கும் ஒரே சத்தமா?" என்று கேட்டாள்.

"ஒரே சத்தம்."

"தூங்கறப்ப?"

"அதே சத்தம்தான்."

அவள் படிவத்தைக் கையில் எடுக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூடினாள். படிவம் ஆடி நின்றது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, வார்டில் ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் போன் அலறியது. பெரிய டாக்டர் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே, "யாருது?" என்றார்.

"என்னுது சார்."

"சைலன்ட்ல போடுங்க சிஸ்டர்."

"இதுல சைலன்ட் இல்ல சார்."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "இல்லாத போன் எந்தக் கடையில விக்கறாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் எடுத்தேன். தெரியாத எண்.

"ஏங்க, கண்டக்டர் பேசறேங்க" என்றது ஒரு குரல். பின்னால் பஸ் உறுமியது. "உங்க பொண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுச்சு. எடுக்கறீங்களான்னு பாக்கணுமாம். எடுத்துட்டீங்க. வெச்சிடட்டுங்களா?"

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்குது. ஜன்னல் ஓரமா உக்காந்துகினு சிரிக்குது. வெச்சிடறேங்க, டிக்கெட் போடணும்."

அன்று அவளுக்குப் பிற்பகலில்தான் வகுப்பு என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே போனபோது பெரிய டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். இனிமேல் ரவுண்ட்ஸ் நேரத்தில் போனைச் செவிலியர் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள், யாராவது எடுத்துத் தருவார்கள் என்று மட்டும் சொன்னார். விபத்து விவரம் அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு வாரங்கள் இது நடந்தது. கல்லூரி கேண்டீனிலிருந்து ஒருமுறை. அவள் தோழியின் அப்பாவின் எண்ணிலிருந்து ஒருமுறை. அவர் எதற்காக அழைக்கிறோம் என்றே தெரியாமல் "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றார். நானும் நல்லா இருக்கேன் என்றேன். இரவு டியூட்டி முடித்து வந்து படுத்த ஒரு காலையில், தூக்கத்தின் நடுவே மூன்று முறை ஒலித்தது. இரண்டு கடன் விளம்பரங்கள், ஒன்று அவள். மூன்றையும் எடுத்தேன். அவள் எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள். மூச்சு விடும் விதத்தில் அவள்தான் என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் தவறிவிட்டது. குளித்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அழைத்தேன். டீக்கடைக்காரர் எடுத்து, "பொண்ணு பஸ் ஏறிட்டாங்கம்மா. எத்தனை நிமிஷத்துல திருப்பிக் கூப்புடறாங்கன்னு பாத்து வெக்கச் சொன்னாங்க. நாலு நிமிஷம்" என்றார்.

நான் ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம்வரை அந்த நான்கு நிமிடம் என்னை விடவில்லை. மகள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டீக்கடை அண்ணன் நாலுன்னு சொன்னாரு. குளிச்சிட்டு இருந்தியா?" என்றாள்.

"ஆமா."

"குளிக்கலாம்மா" என்றாள்.

அடுத்த நாள் காலை டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் புது அட்டை சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். படத்தில் புருவத்துக்கு மேல் தழும்பு தெரிந்தது. பின்பக்கம், அவசரத்துக்கு என்று அச்சிட்ட இடத்தில் என் எண் இருந்தது. அதற்குக் கீழே பேனாவால், சின்ன எழுத்தில், எதிர்வீட்டு லேண்ட்லைன் எண்ணையும் அவளே எழுதியிருந்தாள்.

அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒரு கையில் ரத்தக் குழாய் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மறு கையையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்கிறவள் நான். அவள் இடத்தில் நானும் இரண்டாவது எண்ணை எழுதியிருப்பேன். அன்று சாயங்காலம் எதிர் குவார்ட்டர்ஸுக்குப் போய், அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, லேண்ட்லைன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று என் போனிலிருந்து அழைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தப் போனில் பிறகு எழுத்துருவை மாற்றினேன். நிறத்தை மாற்றினேன். பேட்டரி கூடுதல் நேரம் வரும்படி ஏதேதோ செய்தேன். புது ரோம் வந்தால் இப்போதும் கை பரபரக்கும், ஏற்றுவேன். ஏற்றி முடித்தவுடன் செய்யும் முதல் வேலை, எதிர்வீட்டு அக்காவை அழைக்கச் சொல்வது. மியூச்சுவல் கேட்டு யாராவது வந்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் சரி என்கிறேன்.

தெரியாத எண் எதுவானாலும் எடுத்துவிடுகிறேன். தூக்கக் குரலில் "சொல்லுங்க" என்கிறேன். ஒரு பெண், "மேடம், உங்களுக்குத் தனிநபர் கடன் தேவைப்படுகிறதா" என்று ஆரம்பிப்பாள். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்கும். பஸ் சத்தமோ ஆட்டோ சத்தமோ இருக்கிறதா என்று முதலில் கவனிப்பேன். இல்லை என்று தெரிந்த பிறகு, அவள் சொல்வதை முடிக்க விட்டு, வேண்டாம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.